பிடித்த பிறகு என்ன? கடற்கொள்ளையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலை முழு உருவோடு எழுந்து நிற்கும் பக்கமாக, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. ஒத்தக்கடையில் வசிப்பவன் என்பதால் அந்தக் கட்டடத்தை நாள்தோறும் கடந்து போகிறேன். காலையில் அங்கே பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களின் கைகளில் பெரும்பாலும் பட்டா, பாகப்பிரிவினை, ஜாமீன் என்று நிலத்து வழக்குகளின் காகிதங்கள்தான் இருக்கும். 2017 நவம்பரில் அதே கட்டடத்தில் கடலைப் பற்றிய ஒரு தீர்ப்பு வந்தது. 35 பேர் விடுதலையானார்கள். பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று நான்கு நாட்டுக்காரர்கள். அவர்கள் வந்த கப்பலின் பெயர் சீமேன் கார்டு ஓஹியோ. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அருகே கடலோரக் காவல்படை அதை மடக்கியபோது, உள்ளே 35 துப்பாக்கிகளும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன.

ஆயுதக் கப்பல் பிடிபட்டது என்றதும் கடற்கொள்ளையர் என்றுதான் பலருக்கும் தோன்றியிருக்கும். உண்மையில் அவர்கள் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலர்களும், அவர்களை ஏற்றிச்செல்லும் கப்பலின் ஊழியர்களும். கொள்ளையரைத் தடுக்கப் புறப்பட்டவர்கள் நான்காண்டுக் காலம் சிறையிலும் ஜாமீனிலுமாகத் தமிழ்நாட்டில் கிடந்தார்கள்.

இந்த ஊருக்கும் கடலுக்கும் தூரம். வைகைகூடப் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிற ஆறு. ஆனால் என் அண்ணன் மகன் ஒரு சரக்குக் கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, சேர்ந்தபோது, கடற்கொள்ளை எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. "இந்தக் காலத்திலும் கடலில் கொள்ளைக்காரன் இருக்கிறானா?" என்று அம்மா கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடல் பற்றி எதுவும் தெரியாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில், கடற்கொள்ளை என்றால் என்ன? கடலில் நடக்கும் எந்தத் திருட்டையும் நாம் அப்படிச் சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 101-ஆவது பிரிவு இதற்கு ஒரு வரையறை தருகிறது. அதன்படி குற்றம் நடக்கும் இடம் எந்த நாட்டின் ஆட்சிக்கும் உட்படாத கடலாக இருக்க வேண்டும். ஒரு நாட்டின் ஆட்சி அதன் கரையிலிருந்து 12 கடல்மைல் வரை செல்லும். ஒரு கடல்மைல் என்பது 1,852 மீட்டர். அதற்குள் நடந்தால் அது ஆயுதக் கொள்ளை. அந்த நாட்டுப் போலீஸின் வேலை. அதற்கு வெளியே நடந்தால்தான் கடற்கொள்ளை. அடுத்து, நோக்கம் சொந்த ஆதாயமாக இருக்க வேண்டும். ஒரு நாட்டின் போர்க்கப்பல் அரசின் ஆணையில் செய்வது எவ்வளவு கொடுமையானாலும் இந்த வரையறைக்குள் வராது. மூன்றாவதாக, ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைத் தாக்க வேண்டும். இரண்டு கப்பல்கள் இல்லாமல் கடற்கொள்ளை இல்லை. 1985-இல் அகிலி லாரோ என்ற இத்தாலியப் பயணக் கப்பலை அதிலேயே பயணிகளாக ஏறியவர்கள் கைப்பற்றினார்கள். அது இந்த வரையறைக்குள் அடங்கவில்லை என்பதால்தான் 1988-இல் தனியாக இன்னோர் உடன்படிக்கை எழுத வேண்டியிருந்தது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். கோடியக்கரைக்கு அப்பால் மீன்பிடிக்கப் போன நாகை மாவட்ட மீனவர்களை மறித்து, அடித்து, வலை, ஜிபிஎஸ் கருவி, வாக்கிடாக்கி, பிடித்த மீன் எல்லாவற்றையும் பறித்துச் செல்கிறார்கள் என்று செய்தி வரும். தலைப்பில் 'இலங்கைக் கடற்கொள்ளையர்' என்று இருக்கும். பாக் நீரிணையில் இந்தியக் கடலும் இலங்கைக் கடலும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நடுவே யாருக்கும் சொந்தமில்லாத கடல் அங்கே இல்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் இது பெரும்பாலும் ஆயுதக் கொள்ளை. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைக் கைது செய்வதோ முற்றிலும் வேறு விவகாரம். அது இரண்டு அரசுகளுக்கு இடையிலான சிக்கல். அடிபட்டு, வலையை இழந்து கரைக்கு வருகிறவருக்கு இந்த வேறுபாடுகளால் எந்த ஆறுதலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் யாரிடம் முறையிடுவது, எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதெல்லாம் இந்தச் சொல்லைப் பொறுத்தே அமைகிறது.

இந்தக் குற்றத்துக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத கடலில் நடப்பதால், கடற்கொள்ளையரை எந்த நாட்டின் போர்க்கப்பலும் பிடிக்கலாம். பிடித்த நாடே விசாரிக்கலாம். கடற்கொள்ளையர் மனித இனம் முழுமைக்கும் பகைவர் என்பது மிகப் பழைய சட்டக் கருத்து. 'யாரும் பிடிக்கலாம்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அது எங்கே இடிக்கிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தத் தொழிலின் வயது கப்பலின் வயதேதான். ரோமானியர்களின் காலத்தில் மிளகு வாங்க மேற்குக் கரைக்கு வந்த கப்பல்கள் வில்வீரர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, முசிறி விரும்பத் தக்க துறைமுகம் அன்று, பக்கத்தில் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள் என்று எச்சரிக்கிறார். அதே மூச்சில் வேறொரு துறைமுகத்தைப் பரிந்துரைத்துவிட்டு, அதை ஆளும் பாண்டியன் துறைமுகத்திலிருந்து வெகுதூரம் உள்ளே 'மோதுரா' என்ற ஊரில் இருக்கிறான் என்கிறார். அது நம் மதுரை. கடற்கொள்ளையரும் மதுரையும் ஒரே பத்தியில் வருவதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்த பாண்டியனுக்கும் அந்தக் கொள்ளையரால் லாபமோ நட்டமோ இருந்திருக்கிறது.

சங்க இலக்கியத்திலும் தடம் உண்டு. சேரன் நெடுஞ்சேரலாதன் கடலைக் கடந்து சென்று, பகைவரின் காவல் மரமான கடம்பை வெட்டி, அதிலிருந்து முரசு செய்தான் என்று பதிற்றுப்பத்து பாடுகிறது. தீவில் இருந்த அந்தப் பகைவர் கப்பல்களைக் கொள்ளையிட்டவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊரில் பிறந்த எனக்கு, அதே மரம் கொள்ளையரின் காவல் மரமாகவும் நின்றிருக்கக்கூடும் என்பது வியப்பாக இருக்கிறது.

மத்தியதரைக் கடலில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். கி.மு. 75 வாக்கில் இளைஞனாக இருந்த ஜூலியஸ் சீசரைக் கடற்கொள்ளையர் பிடித்து வைத்துப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து விடுதலையானதும் அவர் கப்பல்களைத் திரட்டிச் சென்று அவர்களைப் பிடித்துச் சிலுவையில் அறைந்தார். கி.மு. 67-இல் ரோம் அதே கொள்ளையரை ஒழிக்கப் பாம்பே என்ற தளபதியை அனுப்பியது. அவர் கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மூன்றே மாதத்தில் துடைத்தெடுத்தார். சரணடைந்தவர்களை அவர் கொல்லவில்லை. நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். பிடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைக்கே இரண்டு விடைகள் இருந்தன.

யார் கொள்ளையர் என்பதும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தியப் பெருங்கடலில் செல்லும் கப்பல்கள் தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சீட்டு இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். அதை எதிர்த்துப் போரிட்ட கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைக் கொள்ளையர் என்று எழுதிவைத்தார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவில் தலை வெட்டிக் கொன்றார்கள். இன்று மும்பையில் நம் கடற்படையின் ஒரு தளத்துக்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்று பெயர். இன்னொரு தளத்துக்கு ஆங்கிலேயர் கொள்ளையர் என்று தூற்றிய மராட்டியத் தளபதி கானோஜி ஆங்கிரேயின் பெயர். ஐரோப்பாவிலோ எதிரி நாட்டுக் கப்பலைக் கொள்ளையிட அரசர்களே உரிமக் கடிதம் கொடுத்து வந்தார்கள். 1856-இல் பாரிஸில் கூடிய நாடுகள்தான் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தன. 1695-இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் மெக்காவிலிருந்து திரும்பிய ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைச் சூறையாடினான். கோபத்தில் ஔரங்கசீப் சூரத்தில் இருந்த ஆங்கிலேய வணிகர்களைச் சிறைவைத்தார். ஒரு கப்பலின் கொள்ளை ஒரு பேரரசுக்கும் ஒரு கம்பெனிக்கும் இடையே இருந்த உறவையே ஆட்டிவிட்டது.

இனி சோமாலியா. நம் காலத்துக் கடற்கொள்ளையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நாட்டைப் புரிந்துகொண்டால் பெரும்பகுதி முடிந்தது.

முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்தால் பாலை ஆகும் என்று நம் பழைய இலக்கியம் சொல்கிறது. அந்தப் பாலையில்தான் வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர் வருவார்கள். சோமாலியாவின் நெய்தல் நிலத்துக்கு நேர்ந்ததும் இதுவே. 1991-இல் அந்த நாட்டின் மத்திய அரசு சிதைந்தது. கடற்படை இல்லை, கடலோரக் காவல் இல்லை. வெளிநாட்டு விசைப்படகுகள் உள்ளே புகுந்து மீனை வாரிக்கொண்டு போயின. முதலில் உள்ளூர் மீனவர்கள் அந்தப் படகுகளை மறித்து அபராதம் என்ற பெயரில் பணம் பிடுங்கினார்கள். தங்களைக் கடலோரக் காவலர் என்றே சிலர் அழைத்துக்கொண்டார்கள். பிறகு ஆயுதமும் முதலீடும் உள்ள பெரிய ஆட்கள் நுழைந்தார்கள். மீனுக்கும் இதற்கும் இருந்த தொடர்பு அறுந்தது. ஏழை மீனவர்களின் எழுச்சி என்று இதை முழுக்க நியாயப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொடக்கம் அப்படி இருந்திருக்கலாம். பின்னால் நடந்தது ஆள்பிடித்துப் பணம் பண்ணும் வணிகம்.

அந்த வணிகம் எப்படி நடக்கிறது என்று விளங்க, நம் வட்டாரத்தின் ஒரு பழைய சொல் உதவும்: துப்புக்கூலி. முன்பு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மாடு காணாமல் போனால், துப்புச் சொல்ல ஓர் ஆள் வருவார். அவரிடம் ஒரு தொகை கொடுத்தால் மாடு வீடு திரும்பும். திருடியவர் மாட்டைச் சந்தையில் விற்க வேண்டியதில்லை, சொந்தக்காரரிடமே விற்றுவிடுகிறார். சோமாலியர் செய்தது இதேதான். கப்பலையோ சரக்கையோ விற்க அவர்களுக்கு வழியில்லை. கப்பலையும் மாலுமிகளையும் பிடித்து வைத்துக்கொண்டு, உரிமையாளரிடம் தரகர் மூலம் பேரம் பேசுவார்கள். படிந்ததும் உரிமையாளர் தரப்பினர் சிறிய விமானத்திலிருந்து பாராசூட்டில் கட்டி டாலர் மூட்டையைக் கடலில் போடுவார்கள். எண்ணிப் பார்த்துவிட்டுக் கொள்ளையர் இறங்கிப் போவார்கள்.

தாக்குதலுக்குத் தேவைப்படுவது வெளிப்பொறி பூட்டிய இரண்டு மூன்று ஃபைபர் படகுகள், ஏ.கே.47 துப்பாக்கிகள், ஒரு ராக்கெட் லாஞ்சர், நுனியில் கொக்கி வைத்த ஏணி. சரக்கு நிறைந்த கப்பல் தண்ணீரில் தாழ்ந்து, மெதுவாகப் போகும். அதன் விளிம்பில் ஏணியை மாட்டி ஏறிவிட்டால் வேலை முடிந்தது. சின்னப் படகுகளால் கரையிலிருந்து அதிக தூரம் போக முடியாது. அதனால் முதலில் ஒரு மீன்பிடிக் கப்பலைக் கடத்தி, அதைத் தாய்க் கப்பலாக வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அவர்கள் ஆப்பிரிக்கக் கரையை விட்டு நம் லட்சத்தீவு வரைக்கும் வந்தார்கள். 2011 ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதங்களில் மட்டும் நம் கடற்படையும் கடலோரக் காவல்படையும் நான்கு நடவடிக்கைகளில் 120 பேரைப் பிடித்தன.

2008-இல் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் 33 டாங்கிகளோடு சென்ற ஃபைனா என்ற கப்பலும், நவம்பரில் இருபது லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயோடு சென்ற சிரியஸ் ஸ்டார் என்ற சவூதி எண்ணெய்க் கப்பலும் கடத்தப்பட்டன. 2010-இல் உலகம் முழுதும் 1,181 மாலுமிகள் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் சோமாலியரால். 2005 முதல் 2012 வரை 179 கப்பல்கள் அந்தப் பகுதியில் கடத்தப்பட்டன என்றும், 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை பணயத் தொகை கைமாறியது என்றும் உலக வங்கி 2013-இல் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு பணம் போட்ட முதலாளிகளுக்கு. உயிரைப் பணயம் வைத்து ஏணியில் ஏறிய இளைஞனுக்குக் கிடைத்தது சிறு விகிதம்தான்.

இதெல்லாம் மதுரையில் இருப்பவருக்கு எதற்கு என்று கேட்கலாம். ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாமாயில் இந்தோனேசியா, மலேசியா பக்கத்திலிருந்து கப்பலில் வருகிறது. பெட்ரோலுக்கான கச்சா எண்ணெய் அரபிக் கடல் வழியே வருகிறது. ஒரு கடல் பகுதி ஆபத்தானது என்று லண்டனில் இருக்கும் காப்பீட்டாளர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டால், அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு கப்பலும் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். சுற்றுவழியில் போனால் எரிபொருள் கூடும். அந்தச் செலவு கடைசியில் சரக்கின் விலையில் வந்து உட்காரும்.

எதிர்த்து என்ன செய்தார்கள்? 2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவை, சோமாலிய இடைக்கால அரசின் சம்மதத்தோடு அந்த நாட்டின் கடலுக்குள்ளேயே நுழைந்து கொள்ளையரைத் துரத்தலாம் என்று தீர்மானித்தது. ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, அமெரிக்கா தலைமையிலான கூட்டணி எல்லாம் கப்பல்களை அனுப்பின. இந்தியா 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் தனியாகவே ரோந்து சென்றது. அந்த வளைகுடாவில் 490 கடல்மைல் நீளத்துக்கு ஒரு வழித்தடம் குறித்து, வணிகக் கப்பல்கள் அதிலேயே கூட்டமாகப் போக, போர்க்கப்பல்கள் காவல் நின்றன. பாலை வழியில் உப்பு வணிகர் கூட்டமாகப் போனதுபோல என்று அம்மாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

கப்பல்களும் தங்களைக் காத்துக்கொள்ளக் கற்றன. கப்பலின் ஓரம் முழுதும் முள்கம்பிச் சுருள் கட்டினார்கள். தண்ணீரைப் பீய்ச்சும் குழாய்களை விளிம்பில் திருப்பி வைத்தார்கள். ஆபத்தான பகுதியில் வேகத்தைக் கூட்டினார்கள். எல்லாவற்றையும் தாண்டிக் கொள்ளையர் ஏறிவிட்டால், மாலுமிகள் எல்லோரும் 'சிட்டாடல்' என்று அவர்கள் அழைக்கும் பதுங்கு அறைக்குள் புகுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, உள்ளே உணவும் தண்ணீரும் தொலைத்தொடர்பும் வைத்துக்கொண்டு, கடற்படை வரும்வரை காத்திருக்க வேண்டும். மாலுமிகள் பத்திரமாக அடைபட்டிருந்தால்தான் கமாண்டோக்கள் துணிந்து ஏற முடியும். 2024 ஜனவரி 5-இல் லீலா நார்ஃபோக் என்ற கப்பலில் இது அப்படியே நடந்தது. 15 இந்தியர் உட்பட 21 பேரும் பதுங்கு அறையில் இருந்தார்கள், ஐ.என்.எஸ். சென்னை அங்கே போய்ச் சேர்ந்தது. கமாண்டோக்கள் ஏறி அனைவரையும் மீட்டார்கள்.

இதற்கும் மேலாகக் கப்பல் நிறுவனங்கள் ஆயுதக் காவலர்களை அமர்த்தத் தொடங்கின. கொள்ளை குறைய இது பெரிதும் உதவியது; ஆனால் பயந்தவன் கையில் துப்பாக்கி இருப்பதும் ஆபத்துதான். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், நெருங்கி வந்த படகைக் கொள்ளையர் படகு என்று கருதிச் சுட்டார்கள். இறந்த இருவரும் மீனவர்கள். ஒருவர் கேரளத்தவர், மற்றவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். அந்த வீரர்களை விசாரிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. இத்தாலியே விசாரிக்கட்டும், இந்தியாவுக்கு இழப்பீடு தரட்டும் என்று 2020-இல் முடிவானது. பத்துக் கோடி ரூபாய் கட்டப்பட்ட பிறகு 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. நம் கடற்படையும் 2008 நவம்பரில் ஒரு தாய்க் கப்பலை மூழ்கடித்தது. அது கடத்தப்பட்ட தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்பதும், அதன் மீனவர்கள் உள்ளே சிறைப்பட்டிருந்தார்கள் என்பதும் பிறகே தெரிந்தது. தப்பியவர் ஒருவர்தான். கொள்ளையரை ஒழித்த கதையைச் சொல்லும்போது இந்த மீனவர்களை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓஹியோ கப்பலின் கதைக்கு இப்போது திரும்பலாம். காவலர்கள் ஆயுதத்தோடு எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்தாலும் அந்த நாட்டின் ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும். அதனால் நடுக்கடலிலேயே துப்பாக்கிகளையும் ஆட்களையும் தாங்கி நிற்கும் மிதக்கும் ஆயுதக் கிடங்குகள் தோன்றின. ஓஹியோவும் அந்த வகையே. எரிபொருள் தீர்ந்து, வானிலையும் கெட்டதால் கரைப்பக்கம் வந்தோம் என்றது கப்பல் தரப்பு. அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நம் கடலுக்குள் நுழைந்தார்கள் என்றது காவல் துறை. 2014-இல் மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017-இல் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. ஒரு கடற்கரை நாடு தன் கரையைக் கண்டிப்போடு காப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மும்பைத் தாக்குதலுக்கு 2008-இல் ஆட்கள் படகில்தான் வந்தார்கள். ஆனாலும், இந்த 35 பேரின் நான்கு ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது?

கொள்ளையர்களின் கதை இதற்கு நேர்மாறு. 1999-இல் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் சுமத்ராவிலிருந்து 7,000 டன் அலுமினியத்தோடு கிளம்பியது. கொள்ளையர் அதைப் பிடித்து, 17 மாலுமிகளையும் ஒரு மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்கும் மேல் மிதந்தவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். கொள்ளையர் கப்பலுக்கு வேறு பெயர் எழுதி ஓட்டிக்கொண்டு வர, நவம்பரில் கோவாவுக்கு அப்பால் நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. உலகமே பாராட்டியது. 2003-இல் மும்பை நீதிமன்றம் 14 இந்தோனேசியர்களைத் தண்டித்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இந்தியச் சட்டத்தில் அப்போது கடற்கொள்ளை என்ற குற்றத்துக்கே வரையறை இல்லை.

'யாரும் பிடிக்கலாம்' என்பது இடிக்கும் இடம் இதுதான். பிடித்தவரை எந்தச் சட்டத்தில் விசாரிப்பது? சாட்சி சொல்ல வேண்டிய மாலுமிகள் பிலிப்பைன்ஸிலும் உக்ரைனிலும் இருப்பார்கள். அவர்களை எத்தனை முறை அழைப்பது? தண்டனை முடிந்ததும் எங்கே அனுப்புவது? இந்தத் தொல்லைக்கு அஞ்சிச் சோமாலியக் கடலில் பல நாட்டுக் கடற்படைகள், பிடித்தவர்களின் ஆயுதத்தைக் கடலில் எறிந்துவிட்டு அவர்களைக் கரையிலேயே கொண்டுபோய் விட்டன. பிறகு கென்யாவும் செஷல்ஸும் விசாரிக்க முன்வந்தன. நம் நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அலோண்ட்ரா ரெயின்போவைப் பிடித்து 23 ஆண்டுகள் கழித்து! ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. கொள்ளையில் உயிர் போனால் மரண தண்டனையும் விதிக்கலாம். வாழ்வாதாரம் இழந்த கடற்கரையிலிருந்து வரும் இளைஞனைத் தூக்கிலிடுவது சீசரின் வழி என்று எனக்குப் படுகிறது. பாம்பேயின் வழியைப் பற்றிச் சட்டங்கள் பேசுவதில்லை.

அந்தச் சட்டத்துக்கு வேலை வர அதிக நாள் ஆகவில்லை. 2012-க்குப் பிறகு சோமாலியக் கொள்ளை ஏறக்குறைய அடங்கியிருந்தது. 2023 கடைசியில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கடற்படைகளின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. கொள்ளையர் மறுபடி கிளம்பினார்கள். டிசம்பரில் ருயென் என்ற கப்பலைக் கடத்தினார்கள். 2024 மார்ச்சில் இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவில் ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மறித்தது. விமானத்திலிருந்து கமாண்டோக்கள் பாராசூட்டில் குதித்தார்கள். 40 மணி நேரப் போராட்டத்துக்குப் பின் 35 கொள்ளையர் சரணடைய, 17 மாலுமிகள் காயமின்றி மீட்கப்பட்டார்கள். அந்த 35 பேரும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார்கள், புதிய சட்டத்தின்கீழ்.

சோமாலியாவுக்கு வெளியே உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் கப்பலை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் காட்டுக்குள் கடத்திப் போகிறார்கள். 2020-இல் உலகில் கடத்தப்பட்ட 135 மாலுமிகளில் 130 பேர் அங்கே கடத்தப்பட்டவர்கள். மலாக்கா நீரிணையில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004 முதல் கூட்டாக ரோந்து செல்வதால் பெரிய கடத்தல்கள் அருகின. சிங்கப்பூர் பக்கத்தில் இரவில் ஏறி எஞ்சின் உதிரிபாகங்களைத் திருடுவது இன்றும் தொடர்கிறது. தாக்கப்பட்ட கப்பல் தகவல் சொல்ல, கோலாலம்பூரில் 1992 முதல் ஒரு மையம் இரவும் பகலும் இயங்குகிறது.

இவ்வளவையும் கேட்ட அம்மா கேட்டது ஒன்றுதான்: "பிடித்துக்கொண்டு போய்விட்டால் பையனை யார் மீட்பார்கள்?" இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கப்பலின் உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்தது அது. காப்பீடு உள்ள நிறுவனம் சில மாதங்களில் மீட்டுவிடும். கைவிரித்துவிடும் உரிமையாளரின் கப்பல் என்றால் கதையே வேறு. ஐஸ்பெர்க்-1 என்ற கப்பலின் மாலுமிகள், இந்தியர் உட்பட, 2010 மார்ச் முதல் 2012 டிசம்பர் வரை ஆயிரம் நாளை நெருங்கும் காலம் சிறைப்பட்டிருந்தார்கள். அஸ்பால்ட் வெஞ்சர் கப்பலுக்குப் பணம் கொடுத்த பிறகும் ஏழு இந்தியர்களைக் கொள்ளையர் விடவில்லை; இந்தியச் சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விட்டால்தான் விடுவோம் என்றார்கள். அந்த எழுவர் வீடு திரும்பியது 2014 அக்டோபரில், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

அதனால் மதுரை, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பும் பெற்றோரிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான். வேலை வாங்கித்தரும் ஏஜென்டிடம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு சீக்கிரம் கப்பல் கிடைக்கும் என்று ஆசை காட்டினாலும் பணத்தைக் கட்டாதீர்கள். ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2020 டிசம்பர் முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. மாலுமி கொள்ளையரிடம் சிறைப்பட்டிருக்கும் காலம் முழுதும், விடுதலையாகி ஊர் திரும்பும்வரை, அவருக்குச் சம்பளம் தொடர வேண்டும். வீட்டுக்கு அனுப்பச் சொன்ன தொகையும் நிற்கக்கூடாது.

அண்ணன் மகன் கிளம்புவதற்கு முந்தின இரவு ஒப்பந்தத்தைக் கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னான். அந்த விதி பன்னிரண்டாவது பக்கத்தில் இருந்தது. "சித்தப்பா, இதை நீங்களே அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள்" என்று என்னிடம் நீட்டினான். படித்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கப்பலின் பெயரையும் கம்பெனியின் தொலைபேசி எண்ணையும் காலண்டரின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார்.